காசு மண்ணுக்கு, கைவேலை அழகுக்கு!

ஆடி பிறந்ததும் நர்சரிகளில் கூட்டம் கூடிவிடும். ஞாயிற்றுக்கிழமை மாலை, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று குடும்பமாக வந்து இறங்குவார்கள். பூத்துக் குலுங்கும் ரோஜா இரண்டு, அடுக்குச் செம்பருத்தி ஒன்று, வெள்ளைப் பீங்கான் தொட்டி நான்கு, சின்னவள் அடம்பிடித்ததற்காக ஒரு ஜோடி பிளாஸ்டிக் வாத்து. பில் இரண்டாயிரத்தைத் தொடும். வீட்டு வாசலில் பாட்டி மட்டும், "இந்தக் காசுக்கு ஒரு மாசக் காய்கறி வாங்கியிருக்கலாமேம்மா" என்று முனகுவார்.

அதற்குப் பிறகு நடப்பதும் பல வீடுகளுக்குப் பழகிய கதைதான். ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கி ஒரு செடி வேரழுகிப் போகும். தை மாதத்தில் மாவுப்பூச்சி செம்பருத்தியைப் பிடிக்கும். கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பினால் மிச்சமிருப்பவை காய்ந்த குச்சிகள். காலித் தொட்டிகள் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேரும். "நம்ம கைக்குச் செடி வராது" என்ற தீர்ப்போடு அந்த வீட்டின் தோட்டக் கதை முடிந்துவிடும்.

கையில் குற்றமில்லை. காசு போன வழிதான் தவறு. அந்த இரண்டாயிரத்தில் மண்ணுக்கென்று செலவானது அநேகமாக ஒன்றுமே இருக்காது. தொட்டிக்கும் பூவுக்கும் பொம்மைக்கும்தான் எல்லாம் போயிருக்கும். இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டால் போதும், குறைந்த செலவில் ஒரு தோட்டம் நிற்கும்.

நூறு ரூபாயில் எழுபது மண்ணுக்கு

தோட்டத்துக்கு என்று ஒதுக்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் எழுபதை மண்ணுக்கும் உரத்துக்கும் வைத்துக்கொள்ளலாம். இருபது விதைக்கும் நாற்றுக்கும். மீதிப் பத்து ரூபாய் கயிறு, ஆணி, காவிப்பொடி போன்ற சில்லறைச் சாமான்களுக்கு. தொட்டிக்கு? பூஜ்யம். அதற்கான வழி அடுத்து வருகிறது.

மண் கலவைக்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் ஒரு பங்கு. இதோடு ஒரு தொட்டிக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. கடையில் கோகோபீட் என்று கட்டியாக விற்பதும் இந்தத் தென்னை நார்க்கழிவுதான். தண்ணீரில் ஊறவைத்தால் அது பல மடங்கு பெருகும். முதலில் ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, இன்னும் ஒரு முறை அலசிப் பயன்படுத்துவது நல்லது. நாரில் இருக்கும் உப்பு அதில் போய்விடும்.

வெறும் செம்மண்ணை மட்டும் தொட்டியில் போட்டால் பத்து நாளில் கல்லாக இறுகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் ஓரமாக வழிந்து ஓடும், வேருக்குப் போகாது. "தினமும் தண்ணி ஊத்தியும் வாடுதே" என்று புலம்பும் வீடுகளில் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உரத்துக்கும் வெளியே போக வேண்டியதில்லை. ஓட்டை போட்ட பழைய பக்கெட் இரண்டு போதும். காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், காய்ந்த பூ எல்லாவற்றையும் ஒன்றில் போட்டு, ஒவ்வொரு முறையும் மேலே இரண்டு கை காய்ந்த சருகைத் தூவி மூட வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் குச்சியால் கிளறிவிட்டு, எப்போதாவது ஒரு கரண்டி புளித்த மோர் தெளித்தால் மக்குவது வேகமாகும். ஒன்று நிறைந்ததும் அதை மக்கவிட்டு, அடுத்ததில் ஆரம்பிக்கலாம். சுமார் இரண்டு மாதத்தில் மண் வாசனையோடு கறுப்பு உரம் தயார். சமைத்த சாதம், எண்ணெய்ப் பதார்த்தம், மீன், இறைச்சி மட்டும் கூடாது. நாற்றமும் எலியும் சேர்ந்து வரும்.

தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை மாடித்தோட்டத் தொகுப்பை மானிய விலையில் வழங்குவது பலருக்குத் தெரிந்ததே. செடி வளர்ப்புப் பைகள், தென்னை நார்க் கட்டிகள், காய்கறி விதைகள், உயிர் உரங்கள், வேப்ப எண்ணெய் மருந்து, கூடவே ஒரு கையேடு என்று அதில் இருக்கும். விலையும் மானியமும் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் அருகிலுள்ள தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

தொட்டி வீட்டிலேயே இருக்கிறது

கைப்பிடி உடைந்த பக்கெட், வீட்டுக்கு வெள்ளையடித்தபோது மிஞ்சிய பெயின்ட் வாளி, இருபத்தைந்து கிலோ அரிசிச் சாக்கு, எண்ணெய் டின், பழம் வந்த தெர்மோகோல் பெட்டி, விரிசல் விட்ட தண்ணீர் கேன். ஒரு வீட்டைச் சுற்றி வந்தால் பத்துத் தொட்டிக்குப் பஞ்சமில்லை. பூச்சிமருந்து, ஆசிட் போன்றவை இருந்த டப்பாக்களை மட்டும் சாப்பிடும் செடிக்குத் தொடவே கூடாது.

எதில் எதை வைப்பது என்பது ஆழத்தைப் பொறுத்தது. கீரைக்கு அரை அடி ஆழம் போதும். மிளகாய், கத்தரி, தக்காளிக்கு ஓர் அடி. புடலை, பாகல், அவரை போன்ற கொடிகளுக்கு ஒன்றரை அடி. அழகாக இருக்கிறதே என்று குட்டித் தொட்டியில் தக்காளியை வைத்தால் செடி உயரும், காய் பிடிக்காது.

எந்தப் பாத்திரமாக இருந்தாலும் அடியில் நான்கைந்து துளை கட்டாயம். சூடான கம்பியால் துளை போடுவது பெரியவர்களின் வேலை. துளை மேல் உடைந்த ஓட்டுத் துண்டையோ தேங்காய் நாரையோ வைத்துவிட்டால் மண் வெளியேறாது, தண்ணீர் மட்டும் வடியும்.

விதை சமையலறையில்

ஒரு பிடி வெந்தயத்தை இரவு ஊறவைத்துக் காலையில் தூவினால் மூன்று, நான்கு நாளில் முளை தலைகாட்டும். இருபது, இருபத்தைந்து நாளில் கீரை கிள்ளலாம். முதல்முறை தோட்டம் போடும் குடும்பத்துக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பிள்ளைகளின் பொறுமை தாங்குவதும் அவ்வளவு நாள்தான்!

கொத்தமல்லியை அப்படியே விதைத்துவிட்டு முளைக்கவில்லை என்று கைவிடுபவர்கள் அதிகம். ஒரு தனியாவுக்குள் இரண்டு விதை உண்டு. செருப்பு இல்லாத குதிகாலாலோ பூரிக்கட்டையாலோ லேசாக உருட்டி இரண்டாக உடைத்து, ஊறவைத்து விதைக்க வேண்டும். முளைக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். சித்திரை வெயிலில் மல்லி நிற்காது, மழைக்காலமும் பனிக்காலமும்தான் அதற்கு.

சந்தையில் வாங்கும் புதினாக் கட்டில் இலையைக் கிள்ளிய பிறகு தடித்த தண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும். பிறகு அரை நிழலில் நடலாம். பொன்னாங்கண்ணி, கொடிப்பசலை எல்லாமே இப்படித் தண்டிலிருந்து வருபவைதான். நன்றாகப் பழுத்த நாட்டுத் தக்காளியைச் சாம்பலில் பிசைந்து உலர்த்தினால் அடுத்த போகத்துக்கு விதை தயார். முளைவிட்ட சின்ன வெங்காயத்தை ஊன்றினால் வெங்காயத்தாள்.

'ஆடிப்பட்டம் தேடி விதை' என்பது வயலுக்கு மட்டும் சொன்னதல்ல, மொட்டைமாடிக்கும் பொருந்தும். ஆடியில் விட்டவர்களுக்குத் தைப்பட்டம் இருக்கிறது. பங்குனி, சித்திரையில் மட்டும் புதுத் தோட்டம் தொடங்காமல் இருப்பது செடிக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது.

காய்க்கும் அலங்காரம்

தோட்டத்தின் முதல் அலங்காரம் செடிதான். கிழிந்த புடவையை நீளவாக்கில் கிழித்து, முறுக்கி, பால்கனிக் கம்பியிலிருந்து நான்கு வரிசை கட்டிவிட்டால் கொடிப்பசலை அதில் ஏறி, ஊதாத் தண்டும் பச்சை இலையுமாகத் திரை போட்டுவிடும். மதிய வெயிலை மறைக்கும், வாரம் ஒருமுறை கூட்டுக்கும் ஆகும். சங்குப்பூக் கொடி இன்னும் எளிது. தெரிந்தவர் வீட்டு வேலியில் காய்ந்து தொங்கும் நெற்று இரண்டு கேட்டு வாங்கினால் போதும், நீலப் பூ பூஜைக்கும் கிடைக்கும்.

நல்ல வெயில் விழும் இடமா? டேபிள் ரோஸ் தண்டை ஒடித்து ஊன்றினாலே பிடித்துக்கொள்ளும். ஆழமே தேவையில்லாததால் தேங்காய்ச் சிரட்டையில்கூட வளரும். காலையில் மலர்ந்து பிற்பகலில் மூடிக்கொள்ளும் அந்தச் சின்னப் பூக்கள், பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளை வழியனுப்புவதற்கென்றே வைத்ததுபோல் இருக்கும்.

காவியும் சுண்ணாம்பும்

ஒழுங்கில்லாத பெயின்ட் வாளி, எண்ணெய் டின், பக்கெட் எல்லாம் ஒன்றாக நிற்கும்போது பழைய இரும்புக்கடை போலத் தோன்றுவது உண்மைதான். அதற்கு ஒரே மருந்து, எல்லாவற்றுக்கும் ஒரே நிறம். அந்த நிறமும் நம் ஊரிலேயே இருக்கிறது. கோயில் மதிலிலும் கிராமத்துத் திண்ணையிலும் பார்த்துப் பழகிய காவி, வெள்ளைப் பட்டை. காவிப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் பசை சேர்த்தால் பூச்சு தயார். மண் தொட்டியிலும் செங்கல்லிலும் அது நன்றாகப் பிடிக்கும். பிளாஸ்டிக் வாளியில் பிடிக்காது. அவற்றுக்குச் சாக்குத் துணியைச் சுற்றித் தைத்துவிட்டு அதன்மேல் பூசலாம்.

காவி உலர்ந்ததும் வெள்ளைப் பட்டையோ புள்ளிக் கோலமோ போடலாம். சுண்ணாம்பைக் கையாளுவது பெரியவர்கள் பொறுப்பில் இருக்கட்டும். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. பிள்ளைகளுக்கு வெள்ளை வாட்டர் கலரையோ அரிசிமாவையோ கொடுத்துவிடலாம். மாக்கோலம் மழைக்கு அழியும். மறுபடி போடுவதும் ஒரு விளையாட்டுதானே.

செடியின் பெயர்ப்பலகைக்குக் கூழாங்கல் போதும். 'மிளகாய்', 'புதினா' என்று பிள்ளை எழுதி வைத்த கல்லை எழுத்துப்பிழையோடு விட்டுவிட வேண்டும். பத்து வருஷம் கழித்து அந்தப் பிழைதான் பொக்கிஷமாகத் தெரியும்.

அப்பாவின் பழைய சட்டை, இரண்டு குச்சி, கொஞ்சம் வைக்கோல், கவிழ்த்த மண்சட்டி. சோளக்கொல்லைப் பொம்மை ரெடி. கரியால் மீசை வரைந்துவிட்டால் திருஷ்டிக்கும் ஆயிற்று. காக்கை ஒரு வாரம் பயப்படும். பிறகு தலையிலேயே உட்காரும். அதைப் பார்க்கவாவது பிள்ளைகள் மாடிக்கு வருவார்கள்.

நவராத்திரியில் கொலு வைக்கும் வீடுகளில் படிகளுக்குப் பக்கத்தில் பார்க் அமைப்பது வழக்கம். தட்டில் மண் பரப்பிக் கேழ்வரகோ கடுகோ தூவினால் சில நாளில் பச்சைப் புல்வெளி. விரிசல் விட்ட அகலத் தட்டு ஒன்றில் இதையே வருஷம் முழுக்க வைக்கலாம். தீக்குச்சியில் வேலி, மணலில் பாதை, உடைந்த பொம்மைக் கார் ஒன்று. கடைப் பொம்மை எதற்கும் இந்த மதிப்பு வராது.

போகிக்கு எரிக்கவோ தூக்கி எறியவோ ஒதுக்கும் மூட்டையை ஒருமுறை பிரித்துப் பார்ப்பதும் நல்லது. அடுத்த தோட்டத்துக்கான பாதிப் பொருள் அதில்தான் கிடக்கும்.

அழகுக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து

இவ்வளவு சொன்ன பிறகு, கட்டாயம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. தேங்காய்ச் சிரட்டை, பழைய டயர், பிளாஸ்டிக் பாட்டில், தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டு. வீட்டுத் தோட்ட அலங்காரத்தில் அதிகம் பயன்படும் பொருட்கள் இவை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும் இடங்களும் இவையேதான்.

அந்தக் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. சுத்தமான, அசையாத, கொஞ்சம் தண்ணீர் போதும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம், பத்து நாள் ஆகும். முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் நனைந்ததும் பொரிக்கும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். கடிப்பதும் பகலில். அதாவது பிள்ளைகள் செடியோடு விளையாடும் நேரத்தில்.

அழகைக் கைவிட வேண்டியதில்லை. சில விதிகள் போதும். மண் நிரப்பாத சிரட்டை ஒன்றுகூடத் தோட்டத்தில் இருக்கக் கூடாது. இருந்தால் கவிழ்ந்து இருக்க வேண்டும். தொங்கவிடும் சிரட்டைக்கும் பாட்டிலுக்கும் அடியில் துளை வேண்டும். டயரின் உள்வளைவில் தண்ணீர் தங்கும் என்பதால் அடிப்பக்கம் ஐந்தாறு துளை போட்டு, உள்வளைவையும் சேர்த்து மண்ணால் அடைத்துவிட வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டுக்குப் பதில் இரண்டு செங்கல் வைக்கலாம். தட்டு வேண்டும் என்றால் அதில் மணல் நிரப்பிவிடலாம். குருவிக்கு வைக்கும் தண்ணீர்ச் சட்டியைத் தினமும் மாற்ற வேண்டும். பழைய அண்டாவில் அல்லி வளர்க்கும் ஆசை இருந்தால் கப்பி மீன் நான்கைந்து விட்டால் போதும், புழுக்களை அவை பார்த்துக்கொள்ளும்.

ஐப்பசி, கார்த்திகையில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வரும்போது பூந்தொட்டிப் பக்கம் டார்ச் அடித்துப் பார்ப்பது இதற்காகத்தான். அவர்கள் வருமுன் வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போதே, தோட்டத்தையும் ஒரு சுற்று பார்த்துவிட்டால் பயமில்லை.

பாரமும் காற்றும்

இருபது லிட்டர் வாளியில் ஈர மண் நிறைந்தால் சுமார் இருபத்தைந்து கிலோ கனக்கும். மாடியில் வைப்பவர்கள் தொட்டிகளை நடுவில் குவிக்காமல், கீழே சுவரோ பீமோ உள்ள இடமாகப் பார்த்து ஓரமாக வரிசையாக வைக்க வேண்டும். செங்கல் மேல் தூக்கி வைத்தால் தளத்தில் ஈரம் தங்காது. பழைய கட்டடம், வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது பின்னால் வரும் மனஸ்தாபத்தைத் தவிர்க்கும்.

கைப்பிடிச் சுவரின் மேல் மட்டும் எந்தத் தொட்டியும் கூடாது. பால்கனிக் கம்பிக்கு வெளியே தொங்கவிடுவதும் அப்படித்தான். ஒரு மழைக்காற்று போதும், கீழே நடப்பவர் தலையில் விழுந்தால் எந்தத் தோட்டமும் ஈடாகாது. வெயிலில் கிடக்கும் பிளாஸ்டிக் கயிறும் பாட்டிலும் நாளடைவில் நொறுங்கிப் போகும். மழைக்காலம் வருமுன் ஒருமுறை இழுத்துப் பார்த்து மாற்றிவிட வேண்டும்.

யார் தண்ணீர் ஊற்றுவது?

பாதித் தோட்டங்கள் பூச்சியால் சாவதில்லை, "நீ ஊத்தியிருப்பேன்னு நினைச்சேன்" என்ற பேச்சால்தான் சாகின்றன. முதல் வாரமே வேலையைப் பிரித்துவிடுவது நல்லது. காலையில் தண்ணீர் பெரியவனுக்கு. அதற்கு முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் ஒட்டினால் இன்று தண்ணீர் வேண்டாம். இலையின் அடிப்பக்கம் திருப்பிப் பூச்சி தேடுவது சின்னவளுக்கு, குட்டிப் பிள்ளைகளின் கண்ணுக்குத்தான் அது சட்டென்று படும். பூச்சி தெரிந்தால் லிட்டர் தண்ணீருக்கு ஐந்து மில்லி வேப்ப எண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளிப்பது அப்பாவுக்கு. மக்கும் பக்கெட் அம்மாவுக்கு. எது எப்போது விதைப்பது என்ற மேற்பார்வை பாட்டிக்கு. அரிசி கழுவிய தண்ணீரை யார் முதலில் பார்த்தாலும் செடிக்கு.

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தொட்டிகளையெல்லாம் நிழலுக்கு இழுத்து நெருக்கி வைத்து, மண்மேல் சருகு பரப்பி, மூடியில் ஊசித்துளை போட்ட தண்ணீர் பாட்டிலை ஒவ்வொன்றிலும் கவிழ்த்துச் செருகினால் இரண்டு, மூன்று நாள் தாங்கும். அதற்கு மேல் என்றால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியும், வந்ததும் ஒரு கட்டுக் கீரையும் கொடுப்பதுதான் வழி.

இந்த வார வேலை

நர்சரிக்குப் போக வேண்டாம். வீட்டைச் சுற்றி வந்து மூன்று பழைய பாத்திரங்களைத் தேடி எடுத்துத் துளை போட வேண்டும். மண் கலவைக்குச் சொல்லி வைக்க வேண்டும். சனிக்கிழமை இரவு ஒரு பிடி வெந்தயத்தை ஊறவைக்க வேண்டும். ஞாயிறு காலை விதைப்பதை வீட்டின் கடைக்குட்டி செய்யட்டும்.

மூன்று, நான்கு வாரம் கழித்து அந்தக் கீரை பருப்பில் விழும்போது, அளவு என்னவோ ஒரு கைப்பிடிதான் இருக்கும். ஆனால் அன்றைக்குக் குழந்தை தட்டில் கீரையை ஒதுக்காது. பாட்டியும் காசைப் பற்றி முனக மாட்டார். அடுத்த தொட்டிக்கு எதை விதைக்கலாம் என்றுதான் கேட்பார்.